நான் கேட்கலை, அதுவா வந்துச்சு

"மேடம், நான் கேட்கவே இல்லை. குரூப்ல யாரோ போட்டுட்டான். அதுவா டவுன்லோடு ஆயிருச்சு. இதுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

பாளையங்கோட்டைக் கோர்ட்டில் கிரிமினல் பக்கம் பார்க்கிற எந்த வக்கீலுக்கும் இந்தக் கேள்வி இப்போது புதிதில்லை. கேட்கிற ஆள் இருபதிலும் இருப்பார், ஐம்பதிலும் இருப்பார். கூட அப்பாவோ மச்சானோ வந்திருப்பார். உட்காரும் முன்பே கதவைச் சாத்தச் சொல்வார்கள். ஜூனியர் பெண்ணைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்ல முடியுமா என்று கேட்பார்கள். முடியாது என்பேன். அவளும் இதைப் படித்துத்தானே ஆக வேண்டும்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். வயது வந்தவர்களின் ஆபாசப் படத்தை ஒருவர் தன் வீட்டில் தனியாகப் பார்ப்பது நம் நாட்டில் குற்றமில்லை, பரப்பினால் குற்றம். இது அந்தச் சமாச்சாரம் இல்லை. 18 வயது நிறையாத பிள்ளைகளை வைத்து எடுக்கப்பட்ட பாலியல் படங்களும் வீடியோக்களும் சம்பந்தப்பட்டது. கம்ப்யூட்டரில் உருவாக்கியதாகவே இருந்தாலும், பார்க்கிறவருக்கு நிஜக் குழந்தை போலத் தெரிந்தால் அதுவும் இதே கணக்கில்தான் வரும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி-யும் இதைப் பார்த்துக்கொள்கின்றன.

சரி, கேள்விக்கு வருவோம். கேட்காமல் வந்தது என்பது ஒரு நல்ல வாதத்தின் முதல் பாதி மட்டுமே. வந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதுதான் மறுபாதி. நம் சட்டம் அந்த மறுபாதியைத்தான் கூர்ந்து பார்க்கிறது. இதை நான் சொன்னால் பலருக்கு முகம் மாறிவிடும். "பேப்பர்ல வேற மாதிரிப் போட்டிருந்தானே மேடம்" என்பார்கள். பேப்பரில் போட்டது உண்மைதான். ஆனால் பார்த்தால் மட்டும் குற்றமில்லை என்ற அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு எட்டே மாதம்தான் உயிரோடு இருந்தது.

சென்னை அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் 2020 ஜனவரி கடைசியில் ஓர் எஃப்.ஐ.ஆர். பதிவானது. புகார் கொடுக்க யாரும் நிலையத்துக்கு வரவில்லை. பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றத் தடுப்புப் பிரிவின் அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்ன ஆள் தன் செல்போனில் குழந்தைகள் ஆபாசப் படம் இறக்கியிருக்கிறார் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தகவல் அனுப்பியிருப்பதாக அதில் இருந்தது. டெல்லிக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், அமெரிக்காவிலிருந்து. கூகுள், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்கள் இப்படிப்பட்ட படம் தங்கள் கண்ணில் பட்டால், காணாமல்போன மற்றும் சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அங்குள்ள தேசிய மையத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும், அது அந்நாட்டுச் சட்டம். அந்த மையத்தோடு 2019 ஏப்ரலில் நம் ஆவணக் காப்பகம் ஓர் ஒப்பந்தம் போட்டது. அன்றிலிருந்து இந்தியா சம்பந்தப்பட்ட தகவல்கள் டெல்லிக்கு வந்து, அங்கிருந்து மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் கடைசியில் ஏதோ ஒரு நிலையத்து ரைட்டரின் மேஜைக்கும் இறங்கத் தொடங்கின. 2019 டிசம்பரில் திருச்சியில் ஒருவரைக் கைது செய்தபோது ஊரே அல்லோலகல்லோலப்பட்டது ஞாபகம் இருக்கும். "லிஸ்ட் ரெடியாம், அடுத்து யாராம்" என்று மீம் போட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் ரகசியமாகப் போனை ஃபேக்டரி ரீசெட் செய்ததும் எனக்குத் தெரியும்.

அம்பத்தூர் வழக்குக்கு வருகிறேன். போனைக் கைப்பற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆபாசக் கோப்புகள் இருந்தன, அவற்றில் இரண்டு கோப்புகள் சிறுவர்கள் சம்பந்தப்பட்டவை. குற்றப்பத்திரிகை 67பி-யிலும் போக்சோ 15(1)-லும் தாக்கலானது. அந்த இளைஞர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட்டார். 2024 ஜனவரி 11 அன்று நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அவர் யாருக்கும் அனுப்பவில்லை, வெளியிடவில்லை, தனியாகப் பார்த்தார், அவ்வளவுதான், இது இந்தப் பிரிவுகளுக்குள் வராது என்பது காரணம். மறுநாள் டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது "பார்த்தால் குற்றமில்லை" என்கிற ஒரே வரி.

ஜஸ்ட் ரைட்ஸ் ஃபார் சில்ட்ரன் அலையன்ஸ் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2024 செப்டம்பர் 23 அன்று அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட்டும் நீதிபதி ஜே.பி. பர்திவாலாவும் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கைத் திருவள்ளூர் மகிளா நீதிமன்றத்தில் மறுபடி உயிர்ப்பித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் பர்திவாலா. உயர் நீதிமன்றம் செய்தது மோசமான பிழை என்று கூச்சமில்லாமல் எழுதினார். நீண்ட தீர்ப்பு. வக்கீல்களே அதில் பாதிக்கு மேல் படித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் "அதுவா வந்துச்சு" என்கிற ஆட்களுக்கு அதில் ஒரு சின்ன உதாரணம் இருக்கிறது. அதை மட்டுமாவது எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அ என்பவருக்கு ஆ ஒரு லிங்க் அனுப்புகிறார். அது என்னவென்று அ-வுக்குத் தெரியாது. தட்டினால் குழந்தைகள் ஆபாச வீடியோ திறக்கிறது. அ உடனே மூடிவிடுகிறார். அ தப்பித்தாரா? மூடியதோடு அது அவர் கைவசத்தில் இல்லாமல் போய்விட்டது, சரி. ஆனால் மூடுவது அழிப்பது ஆகாது. மூடிய பிறகு உரிய அதிகாரிகளிடம் தெரிவித்தால்தான் அவர் பொறுப்பிலிருந்து விடுபடுவார். தீர்ப்பு சொல்வது இதைத்தான்.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இப்போதும் முழுக்க உடன்பாடு இல்லை. 15(1) பிரிவின் வாசகம் "அழிக்கவோ, ஒழிக்கவோ, உரிய அதிகாரியிடம் தெரிவிக்கவோ தவறினால்" என்ற ரீதியில் போகிறது. மூன்றில் ஒன்றைச் செய்தால் போதும் என்றுதான் சாதாரணமாகப் படிக்கிற எவருக்கும் தோன்றும். போனில் இறங்கிய படத்தை அழித்தவர் அந்த வாசகத்தின்படி தப்பிக்கிறார். லிங்க்கைத் தட்டியவரிடம் அழிக்க எதுவும் இல்லை, அதனால் அவருக்குப் புகார் ஒன்றுதான் வழி. தர்க்கம் புரிகிறது. ஆனால் அறியாமல் தட்டி, அருவருத்து மூடிய ஒரு கல்லூரிப் பெண்ணைக் குற்றத்தின் விளிம்பில் நிறுத்தி வைப்பது சட்டத்துக்கு அழகா என்று நான் இன்னமும் கேட்கிறேன். கோர்ட்டில் இல்லை, கேன்டீனில்.

இன்னொன்றும் இருக்கிறது. போக்சோ விதிகள் 2020-இல் 11-ஆம் விதி, இப்படிப்பட்ட படம் கைக்கு வந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சைபர் கிரைம் இணையதளத்திலோ தெரிவித்தாக வேண்டும் என்கிறது. எந்தக் கருவியில் பார்த்தீர்கள், எந்தத் தளம் வழியாக வந்தது என்பதையும் சொல்லச் சொல்கிறது. போக்சோவில் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை இருக்கிறது. ஆக, அழித்தவர் 15(1)-இலிருந்து தப்பினாலும் சொல்லாததற்காக இன்னொரு கதவு திறந்துகொள்ளலாம். அழிப்பது நல்லது, சொல்லிவிட்டு அழிப்பது அதைவிட நல்லது என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

தண்டனையைப் பார்த்தால் சிலருக்குச் சிரிப்பு வரும். 15(1)-க்கு முதல் தடவை குறைந்தது 5,000 ரூபாய் அபராதம், சிறையே கிடையாது. "இவ்வளவுதானா?" என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் 67பி-யைப் பார்க்கவில்லை. தேடினாலும், பார்த்தாலும், இறக்கினாலும், சேகரித்தாலும் அதில் முதல் குற்றத்துக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம், நிலையத்திலேயே ஜாமீனில் விட முடியாத பிரிவு. போலீஸ் இரண்டையும் சேர்த்தே போடும்.

ஆனால் அந்த 67பி-யில்தான் நமக்கு ஒரு சந்தும் இருக்கிறது. அதில் வரும் வினைச்சொற்களை எண்ணிப் பாருங்கள்: உருவாக்குகிறார், சேகரிக்கிறார், தேடுகிறார், உலவுகிறார், இறக்குகிறார், விளம்பரப்படுத்துகிறார், பரிமாறுகிறார். எல்லாம் ஒரு மனிதர் செய்கிற காரியம். "பெறுகிறார்" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. போன் தன்பாட்டுக்கு இறக்கியதை "இவர் இறக்கினார்" என்று சொல்ல முடியுமா? உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்பு, டெலிகிராமில் வந்த வீடியோக்கள் சம்பந்தமான வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் இதைச் சொன்னது: தானாகவோ தவறுதலாகவோ இறங்கியது, பரப்பும் எண்ணம் எதுவும் இல்லை என்றால் குற்றம் ஆகாது என்று. அம்பத்தூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு அந்த வார்த்தைகள் அப்படியே நிற்குமா என்று அரசு வக்கீல் கேட்பார். நிற்கும் என்று நான் வாதிடுவேன். ஏனென்றால் தானாக இறங்கியதற்கும் அதை அப்படியே வைத்துக்கொண்டதற்கும் வித்தியாசம் இருக்கிறது, உச்ச நீதிமன்றம் கோபப்பட்டது இரண்டாவதைப் பார்த்து.

காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக யாரோ கஞ்சாப் பொட்டலத்தை வீட்டுக்குள் எறிந்துவிட்டுப் போனால் வீட்டுக்காரர் குற்றவாளி இல்லை. அதை எடுத்து பீரோவில் வைத்தால் கதை வேறு. சட்டத்தில் "கைவசம்" என்றால் அந்தப் பொருள் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அது இருப்பது உங்களுக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும். அது தெரியாது என்பதுதான் தவறுதலாகப் பெற்றவரின் உண்மையான அரண்.

அந்த அரணைக் கட்டுவது அவர் தலையில் விழுகிறது என்பதுதான் சிக்கல். சாதாரணக் கிரிமினல் வழக்கில் அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், நாம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினால் போதும். போக்சோவின் 30-ஆம் பிரிவு இதைத் தலைகீழாக்குகிறது. படம் உங்களிடம் இருந்தது, நீங்கள் அழிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை என்ற இரண்டை அரசுத் தரப்பு காட்டிவிட்டால், 15(1) கேட்கிற பரப்பும் எண்ணம் உங்களுக்கு இருந்ததாக நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். மனதில் இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? சாட்சி மனது இல்லை, போன்தான்.

அதை எப்படிச் செய்கிறோம் என்று ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். பையன் ஒரு விதைக் கடையில் வேலை பார்க்கிறவன். "வேலைவாய்ப்பு" என்று பெயர் வைத்த ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அவனைச் சேர்த்துவிட்டார்கள். இரண்டு நாள் வேலை விளம்பரமாக வந்தது, மூன்றாம் நாள் ராத்திரி வேறு சரக்கு வந்து விழுந்தது. காலையில் பார்த்தான், திடுக்கிட்டான், குரூப்பை விட்டு வெளியேறினான். வெளியேறினால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தான். பல மாதம் கழித்து சைபர் கிரைமிலிருந்து போன். அவனுடைய அப்பா என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டே பேசினார்: "யம்மா, இவன் அப்படிப்பட்ட பய இல்லம்மா. கோயில் கொடைக்கு வசூல் பண்றதே இவன்தான், ஊர்ல கேட்டுப் பாருங்க." ஊரில் கேட்டு ஆவதற்கு ஒன்றுமில்லை ஐயா, போனைக் கேட்டுப் பார்ப்போம் என்றேன்.

ஆய்வக அறிக்கை வந்தபோது அதை நானும் ஜூனியரும் ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்தோம். கோப்பு எந்த ஃபோல்டரில் இருந்தது? வாட்ஸ்அப் வீடியோ ஃபோல்டரில். கோப்பின் பெயரிலேயே வந்த தேதியும் டபிள்யூஏ என்ற எழுத்துகளும் வரிசை எண்ணும் இருந்தன. அது வாட்ஸ்அப் தானாக வைக்கிற பெயர், ஆள் மாற்றி வைத்ததல்ல. அதே இடத்தில் "சென்ட்" என்றொரு உள்ஃபோல்டர் இருக்கும். நாம் அனுப்பியவை அங்கேதான் படியும். அதில் கோயில் கொடை நோட்டீஸும் தங்கச்சி பிறந்தநாள் வீடியோவும் இருந்தன. இந்தச் சரக்கு இல்லை. கோப்பு போனில் விழுந்த நேரம் நள்ளிரவு தாண்டி. அந்த நேரத்தையொட்டிப் போன் பயன்பாட்டில் இருந்ததற்கான தடம் எதுவும் அறிக்கையில் இல்லை. தேடல் வரலாற்றில் உரமும் கிரிக்கெட்டும்தான். வேறு ஃபோல்டருக்கு நகல் எடுத்ததாகவோ பெயர் மாற்றியதாகவோ ஒன்றும் இல்லை. இத்தனையும் நம் பக்கம்.

நமக்கு எதிராகவும் ஒன்று இருந்தது. கோப்பு அழிக்கப்படவில்லை. கேலரியில் அப்படியே கிடந்திருக்கிறது. கூகுள் போட்டோஸ் அதை எடுத்து மேலே, தன் இணையச் சேமிப்பில், ஏற்றியும்விட்டது. அங்கேதான் மாட்டினான். வாட்ஸ்அப்பில் போகும் செய்தி மறையாக்கப்பட்டது, நடுவில் யாரும் பார்க்க முடியாது. ஆனால் பேக்கப் ஆகும் இடத்தில் அந்தப் பூட்டு இல்லை. ஒவ்வொரு கோப்பிலிருந்தும் ஹாஷ் என்று ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டு, ஏற்கெனவே தெரிந்த குற்றப் படங்களின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்தினால் தகவல் போகிறது. அமெரிக்காவுக்குப் போன அந்தத் தகவல்தான் சுற்றிச் சுற்றி இவன் வீட்டு வாசலுக்கு வந்தது. தானே அனுப்பாத ஒன்று தன் பெயரில் மேலே ஏறியதை இவன் எங்கே அறிவான் என்பது எங்கள் வாதம். காலையில் பார்த்தவன் ஏன் அழிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். வழக்கு இன்னும் நடக்கிறது, அதனால் இதற்கு மேல் எழுதுவது சரியில்லை.

இந்த வகை வழக்கில் நான் முதலில் தேடும் காகிதம் இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-யின் வாரிசு. மின்னணு ஆதாரத்தோடு அந்தச் சான்றிதழ் வர வேண்டும், அதில் ஹாஷ் எண் இருக்க வேண்டும், ஒரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். போனைக் கைப்பற்றிய நாளுக்கும் ஆய்வகத்தில் திறந்த நாளுக்கும் நடுவில் அது யாரிடம் இருந்தது, சீல் வைத்திருந்ததா, கைப்பற்றியதை எழுதும் மகஜரில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். இதைச் சிலர் வக்கீல் தந்திரம் என்பார்கள். படம் உங்களிடம் இருந்தது என்ற ஒன்றை வைத்தே உங்கள் மனதையும் அனுமானிக்கிற சட்டத்தில், அந்த ஒன்றையாவது ஒழுங்காக நிரூபி என்று கேட்பதில் தந்திரம் எங்கே இருக்கிறது?

குரூப் அட்மின்கள் வேறு பயத்தில் இருக்கிறார்கள், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரளாவில் நண்பர்கள் குரூப் ஒன்றில் ஓர் உறுப்பினர் குழந்தைகள் ஆபாச வீடியோ போட்டார், குரூப்பை உருவாக்கியவரையும் போலீஸ் குற்றவாளியாகச் சேர்த்தது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்தது, உறுப்பினர் செய்ததற்கு அட்மின் பொறுப்பாக முடியாது என்று. அதற்கு முன்பே 2021 டிசம்பரில் நம் மதுரைக் கிளையும், கரூர் வக்கீல்கள் குரூப் சம்பந்தமான வேறு வகை வழக்கில், வெறும் அட்மின் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லாவிட்டால் அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. எனவே அட்மின் என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். ஆனால் அட்மினும் ஓர் உறுப்பினர்தான். படம் அவர் போனிலும்தான் இறங்கியிருக்கும்.

எனக்கு உண்மையில் பெரிய கவலை வேறு ஆட்களைப் பற்றி. காமத்துக்காக இல்லாமல் கோபத்தில் பகிர்கிறவர்கள். "இந்தக் கொடுமையைப் பாருங்கள், இவனைப் பிடிக்கும் வரை பகிருங்கள்" என்று ஒரு குழந்தை படும் பாட்டை நாலு குரூப்பில் தள்ளுகிற அத்தைகளும் ஆசிரியர்களும் ஊர் நற்பணி மன்றத் தலைவர்களும். லண்டனில் ராபின் வில்லியம்ஸ் என்ற மூத்த பெண் போலீஸ் அதிகாரிக்கு நடந்ததை இவர்களுக்குச் சொல்வதுண்டு. முப்பது ஆண்டுக்கு மேல் சர்வீஸ். 2018-இல் அவருடைய அக்காவோ தங்கையோ, கூடப் பிறந்தவர் ஒருவர், குழந்தை ஒன்று சீரழிக்கப்படும் வீடியோவை வாட்ஸ்அப்பில் அவருக்கும் இன்னும் பலருக்கும் அனுப்பினார். பார்த்து ரசிக்க அல்ல, அந்த ஆளைப் பிடிக்க வேண்டும் என்ற கொதிப்பில். வில்லியம்ஸ் அந்த வீடியோவைத் தான் பார்க்கவே இல்லை என்றார். 2019 நவம்பரில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 200 மணி நேரம் சம்பளமில்லாச் சமூகப் பணி, அடுத்த ஆண்டு வேலையும் போயிற்று. 2021-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வேலையைத் திருப்பிக் கொடுத்தது, ஆனால் குற்றத் தீர்ப்பு ரத்தாகவில்லை.

இத்தனைக்கும் அந்த ஊர்ச் சட்டத்தில் நம்மிடம் இல்லாத தெளிவு இருக்கிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு மூன்று தற்காப்புகளை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது: வைத்திருக்க நியாயமான காரணம் இருந்தது. அல்லது, பார்க்கவில்லை, அது இன்னதென்று தெரியவும் இல்லை, சந்தேகிக்கக் காரணமும் இல்லை. அல்லது, கேட்காமல் வந்தது, அளவுக்கு மீறி நாள் கடத்தி வைத்திருக்கவில்லை. அமெரிக்காவில் இன்னும் கறாராக, மூன்றுக்கும் குறைவான படங்கள் என்றால், நல்லெண்ணத்தோடு உடனே அழித்துவிட்டாலோ போலீஸிடம் சொல்லி அவர்கள் பார்க்க விட்டாலோ அது தற்காப்பு என்று கூட்டாட்சிச் சட்டம் எண்ணிக்கையே போட்டுவிட்டது. நம் 15-ஆம் பிரிவில் இப்படித் தனியே ஒரு தற்காப்புப் பத்தி இல்லை. குற்றத்தின் இலக்கணத்துக்குள்ளேயே அது ஒளிந்திருக்கிறது, நாங்கள்தான் அதைத் தோண்டி எடுத்து நீதிபதி முன் வைக்க வேண்டும். நாடாளுமன்றம் இதை ஒருநாள் ஒழுங்காக எழுதினால் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

கணினி ஆளைப் பார்த்து முடிவு செய்வதில்லை என்பதற்கு அகமதாபாத் உதாரணம் போதும். அங்கே ஒரு எஞ்சினியர் தன் சிறுவயதுப் படங்களை கூகுள் டிரைவில் ஏற்றினார். இரண்டு வயதில் பாட்டி குளிப்பாட்டும் படம் ஒன்று அதில் இருந்தது. கணக்கை முடக்கிவிட்டார்கள், அவர் 2024-இல் குஜராத் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. பேரன் குளிக்கிற படத்தைக் குடும்ப குரூப்பில் போடுகிற தாத்தா பாட்டிகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஜெயிலுக்குப் போக மாட்டார்கள், ஆனால் ஜிமெயில் போய்விடும்.

அப்புறம், வந்துவிட்டால் என்ன செய்வது. யாருக்கும் அனுப்பாதீர்கள், நண்பனுக்கு "இதைப் பாரு" என்று கூட வேண்டாம். 15(2) அனுப்புவதற்கும் பரப்புவதற்கும் வைத்திருப்பதைப் பிடிக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை. அதிலேயே, புகார் செய்வதற்கும் நீதிமன்றச் சாட்சியத்துக்கும் என்று ஒரு விலக்கு இருக்கிறது. அதைப் போலீஸ் வழியாகப் பயன்படுத்துங்கள், நீங்களே துப்பறியப் போகாதீர்கள். அனுப்பியவரின் எண், குரூப் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட பகுதியில் பெயர் சொல்லாமலே புகார் செய்ய வழி இருக்கிறது. ஆனால் பின்னால் உங்களுக்கே ஒரு காகிதம் தேவைப்படலாம் என்றால் பெயரோடு செய்து ஒப்புகை எண்ணை வைத்துக்கொள்வது உத்தமம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது என்று போக்சோ 19(7) உறுதி கொடுக்கிறது. அழிக்கும்போது செய்தியை மட்டும் அழித்தால் போதாது, "போனிலிருந்தும் மீடியாவை நீக்கு" என்ற டிக்கும் இருக்க வேண்டும். பேக்கப் ஏறியிருந்தால் கூகுள் போட்டோஸின் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதையும் காலி செய்யுங்கள். ஆனால் போலீஸிடமிருந்து ஏற்கெனவே போன் வந்துவிட்டது என்றால் எதையும் தொடாதீர்கள். அந்த நேரத்தில் அழித்தால் சாட்சியத்தை அழித்த தனிக் குற்றம் ஆகிவிடும்.

நிலையத்துக்குப் போகத் தயங்குகிறார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். "உன் போன்ல எப்படி வந்தது?" என்று முதல் கேள்வியே குற்றவாளிக்கு வைக்கிற தொனியில் வந்தால் அடுத்த ஆள் யார் போவார்? போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதில்தான் ஜிபே, அதில்தான் பிள்ளையின் ஆன்லைன் கிளாஸ். பொருளைத் திரும்பப் பெற மனுப் போட்டு அலைய வேண்டும். புகார்தாரரின் போனை அதே நாளில் நகல் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க ஒரு நடைமுறை வந்தாலே புகார்கள் கூடும் என்று சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் சொன்னேன். "மெஷினும் ஆளும் கொடுங்க மேடம், செய்யறேன்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

கடைசியாக, இதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிடப் போகிறவர்களுக்கு. வாட்ஸ்அப்பில் ஆட்டோ டவுன்லோடை இன்றே அணையுங்கள். குரூப்பில் உங்களைச் சேர்க்கும் உரிமையை "என் தொடர்புகள்" என்று மாற்றுங்கள். ஏற்கெனவே ஏதாவது வந்திருந்தால் போனை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆபீஸில்தான் இருப்பேன். "இதுதான் மேடம், பாருங்க" என்று அதை எனக்கு ஃபார்வேர்டு பண்ணிவிடாதீர்கள். வக்கீலுக்கு அனுப்பினாலும் அனுப்பியதுதான்.